நெடுந்தூரம் ஓடிய குடும்பக் கார்: வாசகர் கேள்வி பதில்

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பகுதி, பத்து ஆண்டுகளைக் கடந்து இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்ட செடான் கார்களைப் பற்றியவை. ஒரே சந்தேகத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால், அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து இங்கே விரிவாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: அப்பா ஓட்டிய செடான் கார் இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. வயது 14, ஓடோமீட்டர் 2,40,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. பழைய சர்வீஸ் ரசீதுகள் எதுவும் கிடைக்கவில்லை. "இதற்கு மேல் செலவு செய்யாதே, தள்ளிவிடு" என்கிறார்கள் உறவினர்கள். ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: உறவினர்கள் ஓடோமீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள். அந்த எண் மட்டும் உங்களுக்குச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. நெடுஞ்சாலையில் ஒரே சீராக, எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில் ஓடிய இரண்டு லட்சம் கிலோமீட்டரும், வீட்டிலிருந்து சில நிமிடத் தொலைவுக்குப் போய்த் திரும்பித் திரும்பிச் சேர்ந்த ஒரு லட்சம் கிலோமீட்டரும் ஒன்றல்ல; பின்னது எஞ்சினை அதிகமாகத் தேய்த்திருக்க வாய்ப்பு உண்டு. எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் அணைக்கப்பட்டால், எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்த ஆயிலோடுதான் மறுநாளும் எஞ்சின் ஓடுகிறது.

1976ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் 240டி செடான் ஒன்றை, கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004இல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். அந்த வண்டியில் எஞ்சின் பலமுறை மாற்றப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேயக்கூடியவற்றை உரிய நேரத்தில் மாற்றிக்கொண்டே வந்ததால்தான் அவ்வளவு தூரம் கிடைத்தது.

உங்களிடம் ரசீது இல்லை என்பதால், எந்த வேலையும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியவை வண்டியை நிறுத்துவதும் திருப்புவதும்: பிரேக் பேடுகள், டிஸ்க்குகள், பிரேக் குழாய்கள், பிரேக் ஆயில், டயர்கள், ஸ்டியரிங் இணைப்புகள். இவை சரியில்லாத வண்டியின் எஞ்சினில் ஒரு காசும் போடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்கும்போது அந்த ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றுவது போதுமானது. நம் வாசகர்களில் பலர் ஒருமுறைகூட மாற்றியதில்லை என்பது கடிதங்களிலிருந்து தெரிகிறது.

அடுத்து, கெட்டால் எஞ்சினையே கொன்றுவிடக்கூடியவை. இவற்றில் முதலாவது, பிஸ்டனின் அசைவுக்கு ஏற்ற நேரத்தில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட். உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா, செயினா என்பதைக் கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால், பொதுவாக ஒரு லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடைப்பட்ட கிலோமீட்டரில் அல்லது குறிப்பிட்ட ஆண்டுகளில், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்லியிருப்பார்கள். ஆண்டுக் கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகிறது. அது மூடிக்கு உள்ளே இருப்பதால் வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியாது, அறுந்துபோவதற்கு முன் சத்தமும் பெரும்பாலும் வராது. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்த அந்தக் கணமே திறந்து நிற்கும் வால்வுகள்மீது பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். ஆகவே எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டை உடனே மாற்றிவிடுங்கள். பெல்ட்டை இறுக்கமாகப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் ஆகியவற்றையும், அதே பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. அவற்றுக்காக இன்னொரு முறை அதே இடத்தைப் பிரிக்க நேர்ந்தால் கூலி இரட்டிப்பாகும். செயின் என்றால் மாற்றுவதற்கு நிலையான கணக்கு கிடையாது; ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து சில நொடிகள் கலகலவென்று சத்தம் வந்தால், செயின் நீண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஆயில், பில்டர்கள், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் இவற்றுக்குப் பின். இருக்கை உறை, பெயிண்ட், பாட்டுப் பெட்டி ஆகியவற்றை ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் செய்த பிறகும் வண்டி நேராக ஓடுகிறது, நேராக நிற்கிறது, அடிப்பகுதியில் துரு அரிக்கவில்லை என்றால், உறவினர்கள் சொல்வதை நீங்கள் கேட்கத் தேவையில்லை.

கேள்வி: இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவில் எஞ்சின் ஆயில் குறைந்துவிடுகிறது. நிறுத்துமிடத்தில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. மெக்கானிக் எஞ்சினை முழுவதும் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்கிறார். வேறு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கலாம். பிரிக்கச் சொல்வதற்கு முன் அவர் அளந்து பார்த்தாரா என்பதே என் கேள்வி. "குறைகிறது" என்பது அளவல்ல. எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் பேச முடியும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவித் துடையுங்கள். முதல் முறை உருவும்போது குழாயின் சுவரில் படிந்த ஆயிலும் கம்பியில் ஒட்டி வரும் என்பதால் அந்த அளவை நம்பாதீர்கள். மீண்டும் கடைசிவரை செருகி எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, குறைவாகத் தெரியும் பக்கத்தின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கோடுவரை ஊற்றி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் பாருங்கள். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குறையும் பழைய எஞ்சின், ஊற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு நெருக்கமாகப் போகிறது என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

கீழே சொட்டவில்லை என்பதால் ஆயில் எஞ்சினுக்குள் எரிகிறது என்று கொள்ளலாம். எங்கே எரிகிறது என்பதைப் புகை ஓரளவு காட்டிக்கொடுக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீல நிறப் புகை ஒரு முறை வந்து நின்றுவிடுகிறதா? ஆக்சிலரேட்டரை விட்டு நீண்ட இறக்கத்தில் இறங்கி, பிறகு மிதிக்கும்போது பின்னால் குப்பென்று வருகிறதா? இரண்டுமே வால்வு சீல்கள் (வால்வுத் தண்டு வழியே ஆயில் உள்ளே கசியாமல் தடுப்பவை) தேய்ந்ததைக் காட்டும் அறிகுறிகள். பல எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே அந்தச் சீல்களை மாற்ற முடியும். மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் இடைவிடாமல் நீலப் புகை வந்தால், பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் பிஸ்டன் ரிங்குகள்மீது சந்தேகம் போகிறது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய சிறிய பொருள் ஒன்று உண்டு. எஞ்சினின் அடிப்பாகத்தில் சேரும் வாயுவைத் திரும்ப உறிஞ்சி எரிக்கும் பாதையில் பிசிவி வால்வு என்று ஒன்று இருக்கும். ஆண்டுக்கணக்கில் படிந்த பிசுக்கால் அது அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் கூடி ஆயில் கண்ட வழிகளில் வெளியேறப் பார்க்கும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆயில் நேராகக் காற்றுப் பாதைக்குள் இழுக்கப்படும். பெரும்பாலான வண்டிகளில் இதை மாற்றுவது சில நிமிட வேலைதான். எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறவர்கள் இதை முதலில் கழற்றிப் பார்த்தோம் என்று சொல்லிவிட்டுப் பிறகு அதைச் சொல்ல வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவாக இருந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். இப்போது அழுத்தம் கூடினால், ஊற்றிய ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது, அதாவது ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கூடவில்லை என்றால் வால்வு சரியாக அமரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) விட்டிருக்கிறது. இந்த எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு மெக்கானிக்கிடமும் கேட்கலாம்.

தடிமனான ஆயிலை ஊற்றினால் குறைவது நிற்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கையேடு அனுமதிக்கும் பட்டியலுக்குள் ஒரு படி தடிமனானதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அந்தப் பட்டியலைத் தாண்டினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேல்பாகங்களுக்கு ஆயில் சென்றுசேரத் தாமதமாகும். எப்படியானாலும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆயில் எரிக்கும் எஞ்சின்களில் பல கெட்டுப்போவது எரிவதால் அல்ல, குறைந்ததை எவரும் கவனிக்காததால். சிவப்பு ஆயில் விளக்கு எரியும்வரை காத்திருப்பது மிகத் தாமதம். அது அழுத்தம் விழுந்த பிறகே எரிகிறது.

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் கார் 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலை இதுவரை மாற்றியதில்லை. "இவ்வளவு நாள் மாற்றாமல் இருந்துவிட்டு இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: அந்தப் பேச்சுக்கு ஒரு பின்னணி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆயிலைப் பற்றி நினைக்கிறார்கள். உள்ளே கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு ஏற்கெனவே தேய்ந்துவிட்டிருக்கும். புதிய ஆயிலை ஊற்றிச் சில வாரங்களில் கியர்பாக்ஸ் நின்றுபோகும். பழி புதிய ஆயில்மேல் விழும். கூடவே, இயந்திரத்தை இணைத்து அழுத்தத்தோடு ஆயிலைச் செலுத்தும் முறையில், ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கு பெயர்ந்து, ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியின் நுண்ணிய துளைகளில் போய் அடைக்கும் அபாயம் உண்மையாகவே உண்டு.

உங்கள் வண்டியில் கியர்கள் இப்போது தட்டாமல், வழுக்காமல், தாமதமில்லாமல் விழுகின்றன என்றால் ஆயிலை மாற்றுங்கள். ஆனால் அழுத்தம் கொடுக்காமல், அடியிலுள்ள பிளக்கைத் திறந்து தானாக வடியும் அளவை மட்டும் வடித்து, அதே அளவு புதிதாக ஊற்றுங்கள். எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது வெளியே வராது என்பதால், ஒரு முறைக்கு மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் மாறும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இதையே இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும். அடித்தட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் கிடந்தால் அது வேறு கதை. வடித்த ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்தால், மாற்றினாலும் பலன் குறைவாகவே இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிலின் வகையில் மட்டும் சமரசம் கூடாது. சிவிடி (நிலையான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸுக்கான ஆயில் வேறு, சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கானது வேறு. "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று விற்கப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவைக் கையேடு சொல்லும் வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: நெரிசலில் நிற்கும்போது வெப்பமானி முள் ஏறுகிறது, வண்டி ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டர் வழியே புகுந்து குளிர்விக்கிறது, நிற்கும்போது அந்த வேலையை விசிறி செய்ய வேண்டும். ஆகவே விசிறி மோட்டார், அதன் ரிலே, ஃப்யூஸ், வெப்பத்தை உணரும் சென்சார் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மாறாக, வேகமாக ஓடும்போது முள் ஏறினால் கூலன்ட் குறைவு, உள்ளே அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவை சந்தேகத்துக்குரியவை.

முள் சிவப்பைத் தொட்டால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அலுமினிய சிலிண்டர் ஹெட் அந்தச் சூட்டில் வளைந்துவிடும். உடனே ஒதுக்கி நிறுத்த இடமில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி காருக்குள் வந்துவிடும், நிறுத்துமிடம் தேடச் சற்று நேரம் கிடைக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது அவசரத்துக்கு மட்டுமே சரி, ஏனெனில் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் கூலன்ட்டில்தான் உள்ளன. நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான தரவரையறை கிடையாது. இன்னொன்று: பெரும்பாலான கூலன்ட்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடைய நஞ்சு. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் நாயோ பூனையோ குழந்தையோ நக்கிவிடக்கூடும். மூடி வைத்து முறையாக அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0420 என்று வந்தது. உடனே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள். அந்தக் குறியீடு சொல்வது, புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கன்வெர்ட்டரின் செயல்திறன் எதிர்பார்த்த அளவுக்குக் கீழே இருப்பதாகக் கணினி கருதுகிறது என்பதை மட்டுமே. அதற்கு முன்னால் புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும், பின்பக்க ஆக்சிஜன் சென்சார் தவறாக அளந்தாலும் இதே குறியீடு வரும். கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருந்தாலும், அதைக் கெடுத்தது எது என்று பார்க்க வேண்டும். எரியும் ஆயிலோ, தீப்பொறி தவறும் ஸ்பார்க் பிளக்கோ காரணமாக இருந்தால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகச் சோதிக்க அவகாசம் உண்டு. விட்டு விட்டு மின்னினால் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, கூடிய விரைவில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது. பேட்டரியை மாற்றியும் சில மாதங்களில் அதே தொல்லை.

பதில்: ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான பழைய கார்களில் 13.8 முதல் 14.5 வரை. ஓடும்போது அளவு குறைவு என்றால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். ஓடும்போது சரியாக இருந்து காலையில் இறங்கியிருந்தால், அணைத்த பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுக்கிறது; டிக்கி விளக்கும் பின்னாளில் பொருத்திய பாட்டுப் பெட்டியும் வழக்கமான குற்றவாளிகள். இரண்டும் சரி என்றால், எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் வயரின் முனைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பூட்டுங்கள்.

கேள்வி: சிறு மேடு பள்ளங்களில் முன்பக்கம் கடகடவென்கிறது. டயரும் உள்பக்க ஓரத்தில் மட்டும் தேய்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் கிழிந்து, சக்கரம் தன் கோணத்தில் நிற்காமல் அசைவதால் ஓரம் தேய்கிறது. சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்து வந்தால் அவசரமில்லை. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டிலிருந்து வந்தால் உடனே மாற்ற வேண்டும், ஏனெனில் அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். இடம் வலம் இரண்டையும் சேர்த்து மாற்றி, பிறகு வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். தேய்ந்த புஷ்களோடு அலைன்மென்ட் செய்வது வீண். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3519 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் வரிப்பள்ளம் நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

கேள்வி: மாதத்துக்கு இருநூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கும் ஆண்டுதோறும் ஆயில் மாற்ற வேண்டுமா?

பதில்: ஆம். குறைவாக ஓடுவதாலேயே மாற்ற வேண்டும்; காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: பழைய காருக்கு எந்தக் கட்டத்தில் விடை கொடுப்பது? பழுதுச் செலவு வண்டியின் விலையைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்கிறார்களே?

பதில்: அந்தக் கணக்கு எனக்கு ஏற்புடையதல்ல. இந்த வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்பதோடு பழுதுச் செலவை ஒப்பிடுவதில் பொருளில்லை. இதற்குப் பதிலாக வாங்கப்போகும் வண்டிக்கு ஓராண்டில் வட்டி, காப்பீடு, மதிப்பு வீழ்ச்சி என்று போகும் தொகையோடு ஒப்பிடுங்கள். கியர்பாக்ஸை மாற்றும் செலவுகூட அந்த ஒப்பீட்டில் பல நேரங்களில் சிறியதாகத் தெரியும்.

பணக் கணக்கில் அடங்காத காரணம் ஒன்றுண்டு, அது துரு. கதவு ஓரத்தில் தெரியும் புள்ளிகளைப் பற்றி நான் சொல்லவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, ஜாக் வைக்கும் இடங்கள், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி, சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடங்கள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்து, அழுத்தினால் உள்வாங்கினால், மோதலில் உங்களைக் காக்க வேண்டிய பகுதி அரித்துப்போயிருக்கிறது. மேலே தகட்டை ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் பார்க்கச் சரியாகத் தெரியும், வலிமை திரும்பாது. ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்து, அதற்கான உதிரிபாகமும் கிடைக்காத நிலையிலும் குடும்ப வண்டியாக அதைத் தொடர வேண்டாம் என்றே சொல்வேன்.

துரு இன்னும் தொடங்கவில்லை என்றால், கதவுகளின் அடி ஓரத்திலுள்ள சிறு வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேரும் இலைகளை அள்ளிப் போடுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் செய்தால் போதும்.